ஏழு இருக்கை வாகனத்தின் டிசிஎம் என்ற கியர்பெட்டிக் கணினியை மாற்றச் சொல்கிறார்கள்: அதற்கு முன் எதை உறுதிசெய்ய வேண்டும்?

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது இணை இறக்குமதியாளர் (அதிகாரபூர்வ முகவர் அல்லாத இறக்குமதியாளர்) வழியாக ஜப்பானிலிருந்து வந்து 2013-இல் இங்கே சிங்கப்பூரில் பதிவான, சிவிடி என்ற தானியங்கிக் கியர்பெட்டி கொண்ட 2.0 லிட்டர் ஏழு இருக்கை வாகனம். இங்கே வண்டி வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ) 2023-இல் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்தோம். தயாரிப்பாளரின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பெயரைச் சொன்னால் பேச்சு பழுதை விட்டு விலகி நிறுவனத்தின் குணநலன்களுக்குப் போய்விடுவதை இங்கே பலமுறை பார்த்திருக்கிறேன்.

காலையில் வண்டியை எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. பிற்பகல் வெயிலில், அதிலும் நெரிசலில் நின்று நின்று ஓட்டிய பிறகு, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. மீட்டர் பலகையில் கியர் நிலையைக் காட்டும் ‘டி’ என்ற எழுத்து மறைந்துவிடுகிறது. வண்டி ஒருமுறை உலுக்கிவிட்டு, எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாமல் ஊர்ந்து செல்கிறது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சற்று நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததைப் போல மீண்டும் ஓடுகிறது. சென்ற முறை காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கப் பகுதியில் இப்படி ஆனது. சக்கர நாற்காலியில் இருக்கும் மாமியாரும் பிள்ளைகளும் வண்டிக்குள் இருந்தார்கள் என்பதால் இதை இனியும் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, யு0101, பி0700 என்ற இரண்டு குறியீடுகள் இருப்பதாகக் கூறி, கியர்பெட்டியின் கட்டுப்பாட்டுக் கணினியான டிசிஎம் போய்விட்டது என்றார்கள். புதியது என்றால் ஏறத்தாழ 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பழையது என்றால் 1,100 வெள்ளி என்பது அவர்கள் சொன்ன விலை. இன்னொரு பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் முழுக் கியர்பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றும் அதற்கு 5,800 வெள்ளி ஆகும் என்றும் சொன்னார்கள். இருவரில் யாரை நம்புவது? டிசிஎம்தான் காரணம் என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதிசெய்ய வழி உண்டா? பழைய டிசிஎம்மை வாங்கிப் பொருத்தினால் அது அப்படியே வேலை செய்யுமா?

கியர்பெட்டிக் கிழவர் எழுதியது:

வணக்கம் சகோதரி. அந்த இரண்டு குறியீடுகளும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

பி0700 தனியாக ஒரு பழுதைக் குறிப்பதன்று. கியர்பெட்டிக் கணினி தன் நினைவகத்தில் ஏதோ ஒரு குறையைப் பதிந்துகொண்டு, எச்சரிக்கை விளக்கை ஏற்றும்படி எஞ்சின் கணினியைக் கேட்டிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். குறை என்ன என்பது டிசிஎம்மின் நினைவகத்தில்தான் இருக்கும். எஞ்சின் கணினியோடு மட்டும் பேசத் தெரிந்த மலிவான ஸ்கேனருக்கு அது எட்டாது. யு0101 எஞ்சின் கணினி எழுதி வைத்த புகார்: டிசிஎம்மிடமிருந்து வர வேண்டிய தகவல் வரவில்லை என்கிறது. கதவைத் தட்டியும் பதில் வரவில்லை என்பதற்காக வீட்டுக்காரர் காலமாகிவிட்டார் என்று முடிவு கட்ட முடியுமா? டிசிஎம் பழுதாகியிருக்கலாம், அதற்குப் போகும் மின்சாரம் அறுந்திருக்கலாம், எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம், இரண்டு கணினிகளுக்கும் இடையே ஓடும் வயரில் கோளாறு இருக்கலாம். இந்த நான்கில் முதலாவதற்கு மட்டும்தான் 2,600 வெள்ளி தேவை.

முழுக் கியர்பெட்டியையும் மாற்றச் சொன்னவரின் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சிவிடி என்பது இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் ஓர் எஃகு பெல்ட். (நெதர்லாந்தின் வான் டோர்ன் நிறுவனத்தில் உருவான இந்த பெல்ட்டை மின்னணுக் கட்டுப்பாட்டோடு இணைத்து 1987-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சுபாரு ஜஸ்டியை நான் வியந்து பார்த்த காலம் உண்டு.) பெல்ட்டோ புல்லியோ தேய்ந்திருந்தால், வண்டி ஆறியவுடன் அது குணமாகிவிடாது. எஞ்சின் சுற்று ஏறியும் வண்டி நகராமல் வழுக்கும், புறப்படும்போது அதிரும், வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஓர் ஊளைச் சத்தம் கேட்கும், எண்ணெய்த் தட்டிலுள்ள காந்தத்தில் உலோகச் செதில்கள் ஒட்டியிருக்கும். மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். விரல் நுனியில் தட்டுப்படும் செதில் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கியர்பெட்டி எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானாலும் பல சிவிடிகள் தம்மைக் காத்துக்கொள்ள விசையைக் குறைத்துவிடும், வெயிலில் நெரிசலில் அதுவும் நடப்பதுதான். ஆனால் அப்போது டிசிஎம் உயிரோடு இருப்பதால் மற்றக் கணினிகளோடு பேசிக்கொண்டே இருக்கும். உங்கள் மீட்டர் பலகையில் ‘டி’ எழுத்தே மறைகிறது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இந்த வகை வண்டிகள் பலவற்றில் கியர் நிலையை மீட்டருக்குச் சொல்வது டிசிஎம்தான். எழுத்து மறைவதும் யு0101 பதிவாவதும் ஒன்றாக நடந்தால், எண்ணெய்ச் சூட்டைவிட மின்சாரத்தின் பக்கம்தான் சந்தேகம் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெல்ட் வழுக்காமல் புல்லிகள் அதை இறுக்கிப் பிடிப்பது எண்ணெய் அழுத்தத்தால். அந்த அழுத்தத்தை நொடிக்கு நொடி முடிவுசெய்வது டிசிஎம். அது நடுவழியில் மயங்கி விழும் ஒவ்வொரு முறையும் பெல்ட் வழுக்கிப் புல்லியின் முகத்தில் கீறல் விழ வாய்ப்பு உண்டு. இன்று இல்லாத கியர்பெட்டிப் பழுதை, ஓட்டி ஓட்டி நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். பழுது சரியாகும் வரை சுரங்கச் சாலைகளைத் தவிருங்கள். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் உங்களை அருகில் குறித்து வைத்துள்ள வாகன நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுசெல்லும் செலவு மட்டும் நம்முடையது.

ஓம்விதி எழுதியது:

பெரியவர் சொன்னதை ஒட்டி, மின்சாரப் பகுதியை மட்டும் நான் எழுதுகிறேன். நான் வாகனப் பட்டறைக்காரன் அல்லன். தொழிற்சாலை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பழுதுபார்ப்பவன். சோதிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் மின்னாக்கி தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் என்றாலும் உங்கள் வண்டிக்கு இந்த அளவு பொருந்தும். மின்னழுத்தம் சரிந்தால் மற்ற விளக்குகளெல்லாம் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு கணினி முதலில் சுருண்டு விழும். இதைச் சோதிக்கச் செலவே இல்லை என்பதால் இதிலிருந்து தொடங்குவதே நியாயம்.

அடுத்தது டிசிஎம்முக்கு வரும் மின்சாரமும் எர்த்தும். இங்கேதான் பல பட்டறைகளில் அவசரப்படுகிறார்கள். மல்டிமீட்டரின் முனையை வைத்துவிட்டு, 12 வோல்ட் காட்டுகிறது, மின்சாரம் சரி என்று எழுந்துவிடுவது சோதனை ஆகாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் ஏறத்தாழ மின்னோட்டமே எடுப்பதில்லை. அந்த வயரில் பிரேக் விளக்குக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றை இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் பழுது அங்கேதான். எர்த்தைச் சோதிக்க, எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும்போது டிசிஎம்மின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும்; 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு இருக்கிறது.

சிங்கப்பூரில் இந்தத் துரு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் ஊர் இது. அதன் கழிவுநீர்க் குழாயில் தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால், தண்ணீர் முன்பயணியின் காலடியில் கம்பளத்துக்கு அடியில் போய்த் தேங்கும். மேலே தொட்டால் ஈரமே தெரியாது. முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகாலில் இலைகள் அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு அந்தப் பொடி இலைகளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சில வண்டிகளில் டிசிஎம் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. சிலவற்றில் பேட்டரிக்கு அருகில் எஞ்சின் அறையிலேயே இருக்கிறது. முன்னதாக இருந்தால் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னதாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி, ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அத்துடன், வண்டியில் கேமராவோ வேறு கருவிகளோ பின்னாளில் பொருத்தியிருந்தால், அவற்றுக்கான மின்சாரத்தை எந்த ஃபியூஸிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, கணினிகள் பேசிக்கொள்ளும் வயர். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ முறையில் இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கி ஓடுகின்றன. அவற்றின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் சாக்கெட்டின் 6-ஆம், 14-ஆம் ஊசிகளுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயர்களும் எங்கோ உரசுகின்றன.

இவை அனைத்தையும் வண்டி நன்றாக ஓடும் நேரத்தில் அளந்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். உங்கள் பழுது சூட்டில் வருவது. ஆகவே அளவீடும் பழுது தோன்றியிருக்கும் அந்த நேரத்திலேயே நடக்க வேண்டும். பட்டறைக்காரரோடு பிற்பகலில் வண்டியை ஓட்டிச் சென்று, ‘டி’ மறைந்ததும் ஆறவிடாமல் பட்டறைக்குள் கொண்டுபோய் அளக்கச் செய்யுங்கள். அந்த நேரத்தில் மின்சாரமும் எர்த்தும் முழுமையாக இருந்து, டிசிஎம் மட்டும் ஸ்கேனருக்குப் பதில் சொல்லாமல் இருந்தால், சந்தேகம் தீர்ந்தது. அந்தச் சோதனைக்குத் தனியாக ஒரு நூறு, இருநூறு வெள்ளி கேட்டாலும் தயங்காமல் கொடுங்கள். இதற்குக் கூலி கேட்பவரை நான் மதிப்பேன், இதைச் செய்யாமல் பொருளை விற்பவரைத்தான் மதிக்க மாட்டேன்.

கடற்பாலம் எழுதியது:

இவ்வளவு யோசனை எதற்கு? எல்லைக்கு அப்பால் ஜோகூர் பாருவில் ஹாஃப்-கட் வண்டிகளிலிருந்து (உதிரிபாகங்களுக்காகப் பாதியாக வெட்டிய பழைய வண்டிகள்) கழற்றிய டிசிஎம் இங்கே சொன்ன விலையில் பாதிக்குக் கிடைக்கும், கூலியும் குறைவு. நான் என் வண்டியின் பெரும்பாலான வேலைகளை அங்கேதான் செய்துகொள்கிறேன். வார நாளில் போனால் ஒரே நாளில் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

கியர்பெட்டிக் கிழவர் எழுதியது:

தம்பி, பிரேக் பட்டையும் டயரும் மாற்ற ஜோகூர் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சூடானால் மயங்கிவிடும் வண்டியை எல்லை தாண்ட விதிப்படி வேண்டிய முக்கால் தொட்டிப் பெட்ரோலோடு கடற்பால நெரிசலில் மணிக்கணக்கில் நிற்க வைப்பது, பழுதை அழைத்து வருவதற்கென்றே செய்த ஏற்பாடு போல் ஆகிவிடும். பொருளை மட்டும் அங்கே வாங்கி வரலாம் என்றால், 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவருக்கு வரிவிலக்கு 100 வெள்ளி வரைதான். அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரியைச் சோதனைச் சாவடியில் செலுத்த வேண்டும். இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: அந்த டிசிஎம் இந்த வண்டியைத் தன் வண்டியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான மென்பொருள் வேலையை யார் செய்வது, இங்கே வந்தபின் தகராறு செய்தால் யாரிடம் கேட்பது என்பதற்கு முதலில் பதில் வேண்டும்.

பழையதைப் பொருத்தினால் அப்படியே வேலை செய்யுமா என்ற சகோதரியின் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் செய்யாது என்பதே. ஒவ்வொரு சிவிடியிலும் வால்வுத் தொகுதியின் சாலினாய்டுகள் (மின்சாரத்தால் இயங்கி எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துபவை) நூலிழை அளவில் ஒன்றுக்கொன்று வேறுபடும். எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தால் எவ்வளவு அழுத்தம் வரும் என்ற அளவீடு தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டு டிசிஎம்மில் எழுதப்பட்டிருக்கும். சில தயாரிப்புகளில் அந்த அளவீட்டின் ஒரு பிரதி கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகத்தில் இருப்பதால், புதிய டிசிஎம்மை மாட்டியதும் ஸ்கேனர் மூலம் அதைப் படித்து எழுதிவிடலாம். சிலவற்றில் கியர்பெட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் எண்களாக இருக்கும். ஆள்தான் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் வேறொரு வண்டியின் அளவீடுகளோடு ஓட்டினால், வண்டி நகரும், குறியீடும் வராது, ஆனால் அழுத்தம் ஓரிரு இடங்களில் குறைந்து பெல்ட் வழுக்கும். சில மாதங்கள் கழித்து அந்த 5,800 வெள்ளிப் பேச்சு உண்மையாகிவிடும்.

இணை இறக்குமதி வண்டி என்பதால் இன்னும் ஒன்று. ஜப்பானிய உள்நாட்டு வண்டிகளுக்கு 17 இலக்க வாகன அடையாள எண் கிடையாது. மாதிரிக் குறியோடு சேர்ந்த சட்டக எண்தான் உண்டு. பொருளைத் தேடும்போது அந்தச் சட்டக எண்ணையும், உங்கள் பழைய டிசிஎம்மின் மேல் ஒட்டியுள்ள எண்ணின் கடைசி எழுத்து வரையிலும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். உருவமும் கனெக்டரும் ஒன்றாக இருந்து, கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் மாறினால் அது வேறு மென்பொருள், சில நேரங்களில் வேறு கியர்பெட்டிக்கானது.

சிஓஇ கணக்கர் எழுதியது:

பணக் கணக்கைப் பற்றி ஒரு சொல் மட்டும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடியும் புதுப்பிக்க முடியாது என்பது சரி. ஆனால் இடையில் பதிவை ரத்து செய்தால், மீதமுள்ள மாதங்களுக்கான உரிமைச் சான்றிதழ்த் தொகை கணக்கிட்டுத் திரும்பக் கிடைக்கும். பத்தாம் ஆண்டில் புதுப்பித்தபோது விட்டுக்கொடுத்த ‘பார்ஃப்’ தொகை (பத்தாண்டுக்குள் பதிவை ரத்து செய்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி) மட்டும் எப்போதும் வராது. பெரிய எஞ்சின் வண்டிகளுக்கான பி பிரிவில் 2023-இல் நீங்கள் செலுத்தியது ஆண்டுக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் இருக்கும் என்பதால், புதிய டிசிஎம்மின் விலை அதில் சில மாதங்களுக்கே ஈடு. அந்த அளவில் பழுதுபார்ப்பது தகும். 5,800 வெள்ளி என்றால், மீதமுள்ள காலத்தை எண்ணிவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வண்டிக்குப் பத்து வயது கடந்துவிட்டதால் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனையும் உண்டு. எஞ்சின் விளக்கு எரிந்தபடி அங்கே போய் நிற்காதீர்கள்.

செங்காங்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஓம்விதி அண்ணன் சொன்னபடி, பழுது தோன்றும் நேரத்திலேயே அளந்து பார்க்க ஒப்புக்கொண்ட ஒரு பட்டறை காக்கி புக்கிட்டில் கிடைத்தது. பட்டறைக்காரரே பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ‘டி’ மறைந்ததும் உள்ளே கொண்டுபோய், கையுறைப் பெட்டியைக் கழற்றி அளந்தார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது, எர்த்திலும் குறையில்லை, கம்பளம் காய்ந்திருந்தது. ஸ்கேனர் எஞ்சின், பிரேக், காற்றுப்பை ஆகிய எல்லாவற்றோடும் பேசியது, டிசிஎம்மோடு மட்டும் பேசவில்லை. பிறகு அவர் ஒரு காரியம் செய்தார்: டிசிஎம்மின் உறையின் மேல் குளிர்காற்றை ஊதினார். சற்று நேரத்தில் அது தானாகவே விழித்துக்கொண்டு ஸ்கேனரில் தோன்றியது. அதன் நினைவகத்தில் பி0613 என்ற குறியீடும் இருந்தது. எண்ணெய்த் தட்டைத் திறந்து பார்த்ததில் செதில் எதுவும் இல்லை.

இப்போது அவர் இரண்டு வழிகளைச் சொல்கிறார்: சட்டக எண்ணைக் கொடுத்துப் புதியதைத் தருவித்து அதில் மென்பொருள் எழுதுவது, அல்லது வண்டியில் இருக்கும் டிசிஎம்மையே திறந்து பழுதுபார்க்கும் ஒருவரிடம் அனுப்புவது. இரண்டாவது வழியில் செலவு கால்பங்குதான் என்பதால் மனம் ஊசலாடுகிறது.

ஓம்விதி எழுதியது:

உங்கள் பட்டறைக்காரர் வேலை தெரிந்தவர், அவரை விட்டுவிடாதீர்கள். பி0613 என்பது டிசிஎம்மின் செயலியே தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட குறை. குளிர்காற்றில் விழித்துக்கொள்வது, சூட்டில் விரியும்போது பிரிந்து, ஆறும்போது மீண்டும் தொட்டுக்கொள்ளும் ஓர் இணைப்பைக் காட்டுகிறது. பெரும்பாலும் அது சால்டரில் (உறுப்புகளைப் பலகையோடு பற்றவைக்கும் உலோகத்தில்) விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கும்.

திறந்து பழுதுபார்க்க முடியுமா என்பது உள்ளே இருக்கும் பலகையின் வகையைப் பொறுத்தது. வழக்கமான பச்சை நிறப் பலகையாக இருந்தால், ஈரம் புகாதபடி பூசியுள்ள மெல்லிய பூச்சை அகற்றி, விரிசல் விழுந்த இடங்களில் மறுபடி சால்டர் வைத்து, திரும்பப் பூசிவிடலாம். நன்றாகச் செய்தால் நீண்ட நாள் உழைக்கும். உறைக்குள் பிசின் போன்ற தெளிந்த கூழும், அதற்கடியில் வெள்ளைப் பீங்கான் தட்டும், தலைமுடியைவிடச் சற்றே தடித்த அலுமினியக் கம்பிகளும் இருந்தால், அதைச் சாதாரணச் சால்டர்க் கோலால் தொடவே முடியாது. அந்த வகையைப் பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்பவரிடம் எந்த இயந்திரத்தால் செய்வீர்கள் என்று கேளுங்கள். கையுறைப் பெட்டிக்குப் பின்னால் வைக்கும் டிசிஎம் பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும்.

பலகையைச் சரிசெய்வதில் உங்களுக்குள்ள பெரிய ஆதாயம், பெரியவர் சொன்ன அளவீடுகளும் வண்டியின் அடையாளமும் அதிலேயே இருக்கும் என்பதுதான். மறுபடி எழுத வேண்டிய வேலை இல்லை. பழுதுபார்ப்பவர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நினைவகத்தைப் படித்துப் பிரதி எடுத்து வைப்பாரா என்று கேளுங்கள். எடுப்பார் என்றால், பலகை கைவிட்டாலும், அதே எண்ணுள்ள பழைய டிசிஎம் ஒன்றில் அந்தப் பிரதியை ஏற்றிப் பார்க்கும் வழி திறந்திருக்கும்.

ஆனால் சுரங்கத்துக்குள் குடும்பத்தோடு நின்றவர் நீங்கள். பழுதுபார்த்தவர், சூடேற்றும் பெட்டிக்குள் வைத்து மணிக்கணக்கில் இயக்கிச் சோதித்துத் தருவதாக இருந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள். வெறுமனே மாட்டிப் பாருங்கள் என்பவராக இருந்தால், கூடுதல் பணம் போனாலும் புதியதையே வாங்குவேன்.

கியர்பெட்டிக் கிழவர் எழுதியது:

நானாக இருந்தால் புதியதைத்தான் வாங்குவேன், சகோதரி. இரண்டு வழியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவரை ஏற்றிச் செல்லும் வண்டியில் சோதனை முயற்சிக்கு இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். கையுறைப் பெட்டியின் பக்கத்தில்தான் பயணியின் காற்றுப்பை இருக்கிறது. ஆகவே பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். மென்பொருள் எழுதும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலும் புதிய டிசிஎம் பயனற்றுப் போகலாம். அதனால் நிலையான மின்னழுத்தம் தரும் கருவியைப் பேட்டரியோடு இணைத்துவிட்டு எழுத வேண்டும். சாதாரணச் சார்ஜர் போதாது, அடுத்த வண்டியிலிருந்து கம்பி போட்டு மின்சாரம் எடுப்பது கூடவே கூடாது. எழுதி முடித்ததும் சாலினாய்டு அளவீடுகள் ஏறிவிட்டனவா என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். சில வண்டிகளில் சரிவு உணரும் சென்சருக்கும் தொடக்க நிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பலமாடிப் பட்டறைகளின் சாய்தளத்தில் நிறுத்திக்கொண்டு அதைச் செய்யக் கூடாது.

எண்ணெய்த் தட்டை ஏற்கெனவே திறந்துவிட்டதால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட சிவிடி எண்ணெயை மட்டுமே ஊற்றச் சொல்லுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய டப்பா வேண்டாம். எண்ணெயின் மட்டத்தை, கையேட்டில் சொல்லியிருக்கும் எண்ணெய் வெப்பத்தில், ஸ்கேனரில் அந்த வெப்பத்தைப் பார்த்தபடியே சரிபார்க்க வேண்டும்; குளிர்ந்த எண்ணெயில் பார்த்த மட்டம் கணக்கில் சேராது.

வண்டியை எடுப்பதற்கு முன், முன்பு பழுது தோன்றிய அதே நேரத்தில், அதே மாதிரி நெரிசலில், பட்டறைக்காரரோடு ஓட்டிப் பாருங்கள். முதல் சில நாள்களுக்கு வேகம் ஏறும்போது சற்றுத் தயக்கம் தெரியலாம், அது டிசிஎம் உங்கள் கியர்பெட்டியைக் கற்றுக்கொள்ளும் காலம். உலுக்கலோ ‘டி’ மறைவதோ இருந்தால் அன்றே திரும்பக் கொண்டுபோங்கள். ரசீதில் டிசிஎம்மின் முழு எண், புதியதா பழையதா என்ற விவரம், உத்தரவாதக் காலம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். தகராறு வந்து சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் வரை போக நேர்ந்தால் (20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கேட்பார்கள்) வாய்ப்பேச்சு அங்கே உதவாது. கழற்றிய பழைய டிசிஎம்மையும் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள். அது உங்கள் பொருள், புதியதில் ஏற்றிய அளவீடுகளில் சந்தேகம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழையது வேண்டியிருக்கும்.